வலிக்காத நோய்க்காக வருகிறவளுக்கு

அன்பு மகளே,

உன் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால் உன் ஒருத்திக்கான கடிதமாகிவிடும். குந்தாரப்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக நடக்கிற பெண்கள் எல்லாருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நாலு பேர் காதில் விழும்படி சொல்ல ஆசைப்பட்டுத்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

நம் பக்கத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வலித்தால் போவார்கள். ரத்தம் வந்தால் போவார்கள். எழுந்து நடக்க முடியாவிட்டால் யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். மற்றபடி போக மாட்டார்கள். இதை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. காட்டு வேலைக்குப் போகிறவளுக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் அன்றைய கூலி போயிற்று. துணைக்கு வருகிறவரின் கூலியும் போயிற்று. பஸ் செலவு வேறு. பால் கறக்கவும் ஆடு ஓட்டவும் ஆள் பார்க்க வேண்டும். இத்தனையையும் ஒரு தட்டில் வைத்து, வலியே இல்லாத ஒரு நோயை மறு தட்டில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிரஷர் வலிக்காது. சர்க்கரையும் ஆரம்பத்தில் வலிக்காது. வருஷக்கணக்காக ரத்தக்குழாய்களையும் சிறுநீரகத்தையும் கண்ணின் திரையையும் உள்ளுக்குள்ளேயே கெடுத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் வாய் கோணி, கை தொங்கிப்போன பிறகுதான் வீட்டுக்குத் தெரியவரும். நான் வாத்தியார் வேலை பார்த்த காலத்தில், நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் ராத்திரியில் விழுந்துவிட்டார் என்ற செய்தியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ‘காத்து அடிச்சிருச்சு’ என்பார்கள். ‘விதி’ என்பார்கள். அந்த வீடுகளில் யாருடைய கையிலும் அதற்கு முன் பிரஷர் மிஷினின் பட்டை சுற்றப்பட்டதே இல்லை.

2021 ஆகஸ்டு 5ஆம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொரோனாவின் இரண்டாம் அலை தணிந்துவந்த நேரம் அது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே வயசானவர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதே ஆகஸ்டு மாதத்தில் உலக சுகாதார நிறுவனமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. உலகில் 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 128 கோடிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்றது அந்த ஆய்வு. அதைப் பேப்பரில் படித்தபோது, உலகம் முழுக்கப் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்களைப் போலத்தான் இருக்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டேன். வலிக்காத நோயைத் தேடி ஆள் போக மாட்டான். அந்த நோயைத் தேடிக்கொண்டு யாராவது வாசலுக்கு வர வேண்டும். அந்த மாதத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

அதற்கு முன்னாலும் எங்கள் வாசலுக்குச் சுகாதாரத் துறை வராமல் இல்லை. நர்சம்மா வருவார். கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்கும் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் தவறாமல் வருவார். தடுப்பூசி அட்டையைப் பார்ப்பார், எடை போடுவார், இரும்புச்சத்து மாத்திரை தருவார். அந்த நடை எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது. அவர்களில் பலர் என் வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள். ஆனால் குழந்தை இல்லாத வீட்டை அவர் தாண்டித்தான் போக வேண்டும். அவருக்குக் கொடுத்த வேலை அது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் ‘நல்லா இருக்கியா ஆயா’ என்று கேட்டுவிட்டு நடப்பார். கிழவியும் ‘இருக்கேன் கண்ணு’ என்பாள். அதோடு முடிந்துவிடும். அந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, கிழவியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட முதல் ஆட்கள் நீங்கள்தான்.

நீ பிரஷர் பார்க்கிற விதத்தை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். வெயிலில் நடந்து வந்தவர்களை உடனே பார்க்க மாட்டாய். ‘அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க டீச்சரம்மா’ என்பாய். காபி குடித்து அரைமணி ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால் மேல் கால் போடக்கூடாது, பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். பட்டை சுற்றிய கை நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பதற்காக என் கைக்கடியில் தலையணையை மடித்து வைப்பாய். நான் வாய் திறந்தால், ‘பேசினா நம்பர் ஏறும்’ என்று அதட்டுவாய். நாற்பது பிள்ளைகளை வாயைப் பொத்தி உட்காரவைத்த எனக்கு உன் அதட்டல் பிடித்திருக்கிறது. அவசர அவசரமாகப் பட்டையைச் சுற்றி, எண்ணைக் குறித்துக்கொண்டு அனுப்புகிற இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே எனக்கு எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். உன் மிஷினில் வருகிற எண்ணை நான் நம்புகிறேன்.

எண்ணைக் குறித்த பிறகு பேச்சு ஆரம்பிக்கும். இந்தக் கடிதத்தில் முக்கியமான இடமே அதுதான். உன் கையேட்டில் அந்தப் பேச்சுக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்காது. மாமரம் பூ விட்டதா, மருமகளுக்கு எந்த ஷிப்டு, பேரன் ஓசூர் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினானா, நேற்று ராத்திரி தூக்கம் வந்ததா, எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போனீர்கள் என்று ஒன்றோடொன்று கலந்து கேட்பாய். எது விசாரிப்பு, எது வைத்தியம் என்று பிரிக்க முடியாது. அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் என் கணுக்காலைப் பார்த்தாய். விரலால் அழுத்தினாய், குழி விழுந்தது. ‘எத்தனை நாளா வீங்குது?’ என்று கேட்டாய். வயசானால் கால் வீங்கும் என்று நானே முடிவு செய்துவைத்திருந்த விஷயம் அது. நீ விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தாய். சிறுநீரகத்தையும் இருதயத்தையும் சோதித்துவிட்டு, பிரஷருக்குப் போடுகிற அம்லோடிபின் மாத்திரை சிலருக்கு இப்படிக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும் என்று டாக்டர் விளக்கி, மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிற இடத்தில் யாரும் என் காலைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. புடவைக் கரை மறைத்துவிடும். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கால் தெரியும்.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு நீ சொன்ன பதிலும் எனக்கு மறக்கவில்லை. ஆயுசு முழுக்க ஆடு மேய்த்தவர். ‘நம்பர்தான் சரியாயிருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?’ என்றார். கேட்டால் நியாயமான கேள்விதான். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்துகிறோம், இதையும் நிறுத்தினால் என்ன என்று கேட்கிறார். ‘மாத்திரை போடறதுனாலதான் பெரியப்பா சரியா இருக்குது. நிறுத்திட்டுப் பாருங்க, அடுத்த மாசம் நானே வந்து ஏறின நம்பரைக் காட்டறேன்’ என்றாய். அவர் சிரித்துவிட்டார். நிறுத்தவில்லை. அவருக்கு வருகிற அட்டையும் எனக்கு வருகிற அட்டையும் ஒன்றுதான். விற்பனைக்கல்ல என்று அச்சடித்த அரசு மாத்திரை. 1994இல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு, தரம் சோதித்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்பிவைக்கிற மாத்திரை அது. ஓசியில் வருவதற்கு வீரியம் இருக்காது என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். என் ரத்த அழுத்தம் அந்த மாத்திரையில்தான் அடங்கியிருக்கிறது. அதை இங்கே சாட்சியாகவே சொல்கிறேன்.

தினமும் நடக்கச் சொன்னாயல்லவா? வெள்ளிக்கிழமைகளில் எனக்கு நடப்பதற்குத் தனி ஏற்பாடு தேவையே இல்லை. நம் சந்தை இருக்கிறது. விடிவதற்கு முன்பே குட்டியானை வண்டிகளில் ஆடுகள் வந்து இறங்கிவிடும். கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். பக்ரீத்தும் தீபாவளியும் பொங்கலும் நெருங்கினால் நிற்க இடமிருக்காது. எனக்கு ஆடும் வேண்டாம், மாடும் வேண்டாம். ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்குவதற்காகச் சந்தையை முழுவதும் சுற்றி வருகிறேன். சூளகிரிப் பக்கத்துப் புதினாவும் கொத்தமல்லியும், ராயக்கோட்டைத் தக்காளியும், நம் ஊர்க் கேழ்வரகும் அவரையும் தாண்டித்தான் கருவாட்டுக் கடைக்கு வர முடியும். உப்புக்காக நீ கருவாட்டைக் குறைக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கடைக்காரம்மாவிடம் நின்று பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.

சந்தைக்குள் ஒரு சுற்று வருவதற்குள் ஒருத்தர் ஆயா என்பார், ஒருத்தர் அவ்வா என்பார், ஒருத்தர் அஜ்ஜி என்பார், வெங்காயக் கடை பாய் நானி என்பார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தராசுக்கு மேலே பேசப்படுகிற ஊர் இது. மூன்று வருஷத்துக்கு முன் பார்த்தவர்கள்கூட முகத்தை வைத்து அடையாளம் சொல்லி, நின்று விசாரிப்பார்கள். கொஞ்ச காலமாக அந்த விசாரிப்பில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ‘சவுக்கியமா’வுக்கு அடுத்தபடியாக ‘சுகர் எவ்வளவு?’ என்று கேட்கிறார்கள். கீரைக்கார அம்மா தன் மூன்று மாதச் சர்க்கரை அளவை, ஒரு புள்ளிகூட விடாமல் சொல்கிறாள். ஆட்டுத் தரகர் ஒருவர், வெறும் வயிற்றில் பார்த்தது, சாப்பிட்டுப் பார்த்தது என்று இரண்டு எண்களையும் மனப்பாடமாக ஒப்பித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். இத்தனை பேர் வாயில் இந்த எண்கள் புழங்குவதற்குக் காரணம் நீங்கள்தான். நோயை மறைத்து வைப்பதுதான் மரியாதை என்றிருந்த ஊரில் அதைச் சந்தையில் சிரித்துக்கொண்டே பேசுகிறோம். இந்தப் பேச்சே ஒரு மருந்து என்று நான் நம்புகிறேன். பக்கத்துக் கடைக்காரனுக்குச் சர்க்கரை குறைந்தது என்று கேட்டவன், எப்படிக் குறைந்தது என்றும் கேட்கிறான்.

களியைப் பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்று டவுன்காரர்கள் பேச ஆரம்பித்ததிலிருந்து, நம் ஆட்கள் இரண்டு உருண்டை கூடவே சாப்பிட்டுவிட்டு நல்லதுதானே என்று கேட்டார்கள். நீ ஒவ்வொரு வீட்டுத் தட்டிலும் உருண்டையைக் கையால் பிரித்துக் காட்டினாய். களி பாதி, கீரையும் பருப்பும் மீதி என்றாய். கேழ்வரகானாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான், அளவுதான் முக்கியம் என்று நீ விளக்கியதை எந்தப் பெரிய டாக்டரும் அத்தனை தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் மாம்பழம். மே மாதம் பிறந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காற்றே இனிக்கும். கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு லாரிகள் வரிசையாகப் போகும். செந்தூராவும் மல்கோவாவும் வீட்டுக்கு வீடு பரிமாறிக்கொள்வோம். இந்த ஊரில் பிறந்து, மரம் வைத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்தவனிடம் ‘மாம்பழம் தொடவே கூடாது’ என்று சொன்னால் அவன் உனக்குத் தெரியாமல் தின்பான். நீ அப்படிச் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம், ஜூஸாக வேண்டவே வேண்டாம், நடுவில் ஒரு வேளை இரண்டு துண்டு, அன்றைக்குக் களியைக் குறை என்று வழி சொன்னாய். பழம் தின்கிற சந்தோஷத்தைப் பறிக்காமல் நோயைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறாய். அந்த இரண்டு துண்டுக்காக எங்கள் தெருவே உனக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

முழங்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிழவர்களின் முழங்காலும் முதுகும் வயசால் மட்டும் வலிப்பதில்லை. நம் மண்ணுக்கடியில் இருக்கிற பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து தண்ணீரில் கலக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இங்கே பல ஊர்களின் போர் தண்ணீர் அந்த வரம்பைத் தாண்டியது. அதைச் சின்ன வயதிலிருந்து குடித்தவர்களுக்குப் பல்லில் காவிக்கறை படிந்தது. வருஷங்கள் போகப் போக அது எலும்பில் படிந்து, மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களை இறுக்கியது. என் வகுப்பில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது அவர்களுக்கு ஐம்பது வயதாகிறது. குனிய முடியவில்லை என்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடன் உதவி கிடைத்து, 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. இனிப் பிறக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஏற்கெனவே எலும்பில் ஏறியது ஏறியதுதான்.

அந்த எலும்புகளை வைத்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு என்ன வழி? உன் பின்னாலேயே இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, மெதுவாகப் பத்து எண்ணி, இறக்கச் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தச் சொன்னார். கட்டிலிலிருந்து சட்டென்று எழக்கூடாது, முதலில் உட்கார வேண்டும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிற்க வேண்டும் என்றார். பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்குத் திடீரென்று எழுந்தால் தலை சுற்றும். ராத்திரியில் விழுவது அப்படித்தான். இடுப்பெலும்பு முறிந்து படுத்த வயசானவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒரு சின்ன விளக்கு எரியவிடுங்கள் என்று அவர் சொன்னது எத்தனை எலும்புகளைக் காப்பாற்றியிருக்குமோ! அவருக்கும் இந்தக் கடிதத்தில் பங்கு உண்டு.

மேற்குத் தெருவில் படுக்கையிலேயே இருக்கிற ஒருவர் வீட்டுக்கு வந்து, புண்ணைக் கழுவிக் கட்டி, வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போகிற செவிலியருக்கும் உண்டு. அந்த வீட்டைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. அவர் மனைவி இப்போது ராத்திரியில் தூங்குகிறாள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உன்னை மாதிரிப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று யோசிக்கும்போது எனக்குள் ஒரு பெருமிதம் எழுகிறது. நீங்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் அந்தக் குழுக்கள் முளைத்த மண்ணே இதுதான். 1989இல் பன்னாட்டு வேளாண்மை மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு முதன்முதலில் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கினார்கள். 2004 பிப்ரவரி வரை நாமும் தர்மபுரி மாவட்டம்தானே? அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, குழுப் பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. களை வெட்டிக் காய்த்துப்போன விரல்களுக்குள் பென்சில் நிற்காது. ஒரு பெயரை எழுத ஒரு மாதம் ஆகும். வங்கிக்குப் போய்க் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வாரம் ஒரு சின்னத் தொகை சேமித்து, ஆட்டுக்குட்டிக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் கடன் கொடுத்துக்கொண்ட கூட்டங்கள் அவை. ‘பொம்பளைங்க உக்காந்து என்னத்தைப் பேசறாங்க’ என்று கேட்ட ஆண்கள் அப்போது நிறைய. உங்களில் பலர் அந்தப் பெண்களின் மகள்கள், மருமகள்கள். அம்மாக்கள் பென்சில் பிடிக்கத் தவித்தார்கள். மகள்கள் இன்று கைபேசியில் எங்கள் ரத்த அழுத்தத்தைப் பதிகிறீர்கள். இதைப் பார்க்க என்னை உயிரோடு வைத்திருப்பதும் நீங்கள் கொண்டுவருகிற மாத்திரைதான்.

பகலில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும். விடியற்காலை கூட்ரோட்டில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். ஓசூருக்கும் குருபரப்பள்ளிக்கும் ஷிப்டு போகிற பிள்ளைகள் யூனிபாரத்தோடு காத்திருப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூருவுக்குப் போகிறவர்கள் அதற்கும் முன்பே கிளம்பியிருப்பார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்திருக்கிற பெண்கள்கூட என்னைப் பார்த்தால் கைகூப்பிச் சிரிப்பார்கள். அவர்கள் ஊரில் விட்டுவந்த பாட்டியை என் முகத்தில் தேடுகிறார்களோ என்னவோ. பஸ்கள் போன பிறகு ஊரில் வயசானவர்களும் கைக்குழந்தைகளும்தான். வேலை கிடைத்த பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் வீடுகள் மெத்தை வீடுகளாகின, பெண் பிள்ளைகள் கல்லூரி முடித்தார்கள். ஆனால் நைட் ஷிப்டு முடித்துவந்து தூங்குகிற மகனை எழுப்பி, ‘ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ’ என்று எந்தத் தாய் கேட்பாள்? கேட்காமலே இருந்துவிடுவாள். அந்தத் தாயின் வீட்டுக்கும் நீதான் போகிறாய்.

2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் தனிமையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது, ஆண்டுக்கு 8,71,000க்கும் மேற்பட்ட சாவுகளோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். இருதயமும் மூளையும் தனிமையால் கெடும் என்கிறார்கள். படித்தவுடன் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ இன்ன தேதியில் வருவாய் என்று தெரிந்தால் கீழத்தெரு அவ்வா அன்றைக்குத் தலைவாரிப் பூ வைத்துக்கொள்கிறாள். மாத்திரை டப்பாவைத் துடைத்துத் திண்ணையில் எடுத்து வைக்கிறாள். தன்னிடம் கேட்க ஒருத்தி வருகிறாள் என்பதால், ராத்திரி மறக்காமல் மாத்திரை போடுகிறாள். மருந்து கொண்டுவர ஒரு தபால்காரர் போதும். கேட்டுவிட்டுப் போக நீ வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு விருது கிடைத்தபோது, தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு உனக்குப் போன் செய்தேன். நீ அப்போது வேப்பனப்பள்ளி ரோட்டில் நடந்துகொண்டிருந்தாய். ‘அப்படியா டீச்சரம்மா, இன்னும் நாலு வீடு இருக்குது, முடிச்சிட்டு கூப்பிடறேன்’ என்றாய். அந்த விருது உன்னுடையது. உன்னோடு நடக்கிற ஒவ்வொருத்தியுடையது. உங்களுக்குத் தருவதைச் சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் நடந்து, ஒரு மாவட்டத்தின் பக்கவாதங்களையும் மாரடைப்புகளையும் வாசலிலேயே தடுத்து நிறுத்துகிறவர்களுக்குச் சம்பளம் என்ற பெயரிலேயே கொடுக்கட்டும். வாழத் தகுந்த அளவில் கொடுக்கட்டும். போலுப்பள்ளியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். பெங்களூருவுக்கு ஓடாமல் நம் பக்கத்திலேயே பெரிய வைத்தியம் கிடைக்கிறது. நல்ல காரியம். அந்தக் கட்டடத்துக்குள் படுக்கையில் விழாமல் எத்தனை பேரை நீங்கள் வெளியே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அரசு கணக்கெடுத்துப் பார்க்க வேண்டும். இதை நான் கோரிக்கையாகவே வைக்கிறேன். படிக்கிறவர்களில் அதிகாரம் உள்ளவர்கள் இருந்தால் காது கொடுங்கள்.

பக்கவாதத்துக்கு நீ சொல்லிக்கொடுத்ததை எங்கள் வீட்டுச் சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறேன்: சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, ஒன்று இருந்தாலும் 108. அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பேத்தி அதைப் படித்துவிட்டுத் தன் தோழிகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் தெருவில் வயசானவர்களைப் பிடித்து நிறுத்தி, ‘தாத்தா, சிரிங்க! கையைத் தூக்குங்க!’ என்று விளையாடுகிறார்கள். தாத்தாக்கள் பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே கையைத் தூக்குகிறார்கள். அந்தச் சத்தம் கேட்கிற சாயங்காலங்களுக்காகவும் உனக்கு நன்றி.

கடைசியாக ஒன்று. போன முறை நீ வந்தபோது உன் முகம் களைத்திருந்தது. நாற்பதைத் தாண்டிவிட்டாய். உன் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததை நீயே சொல்லியிருக்கிறாய். ஊருக்கெல்லாம் பட்டை சுற்றுகிற உன் கையில் யார் சுற்றுகிறார்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினாய். அடுத்த முறை வந்ததும் முதலில் நீ உட்கார். ஐந்து நிமிஷம் பேசாதே. கால் மேல் கால் போடாதே. தலையணையை நான் மடித்து வைக்கிறேன். என் நோட்டில் உன் பெயருக்கு ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், நான் சந்தையில் இருப்பேன். சனிக்கிழமை காலையில், வெறும் வயிற்றோடு வா.

அன்புடன்,
குந்தாரப்பள்ளியிலிருந்து
உன் டீச்சரம்மா